ஒன்பது வயதுக்காரியிடம் சூடச் சத்தியம் கேட்டார்கள்

எங்கள் கோயில் நிர்வாகக் குழுக் கூட்டம் எட்டு மணிக்கு என்றால் ஒன்பதுக்குத்தான் தொடங்கும். இத்தனை ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன், ஒருமுறைகூட அது மாறியதில்லை. அந்தப் புதன்கிழமை மட்டும் எல்லாரும் நேரத்துக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ ஒன்றை அமுக்கப் போகிறார்கள் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கோயில் ஈப்போவிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்துக் கோயில். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையில் பாதி போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. தொழிலாளர்களின் லயன் வீடுகள் எந்த மாதத்தில் இடிக்கப்பட்டன, தமிழ்ப்பள்ளி எந்தத் தவணையில் இடம் மாறியது என்பதெல்லாம் எனக்கு வரிசையாகத் தெரியும். அதனால் எனக்கு இங்கே 'தேதிக்காரர்' என்று பெயர். மரியாதையாகச் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

விஷயம் இதுதான். ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் தேவார வகுப்பு நடக்கும். நடத்தியவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆசிரியர் வேலை பார்த்தவரல்ல, ஆனாலும் எல்லாரும் அவரை 'சார்' என்றார்கள். போட்டிகளில் பிள்ளைகள் கோப்பை வாங்கி வந்ததால் அவருக்கு ஆண்டுதோறும் பொன்னாடை போட்டோம். பெற்றோர் பலருக்கு ஞாயிறும் வேலை. எனவே வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை அவரே தன் காரில் வீடு வீடாக இறக்கிவிடுவார். யாரும் கேட்காமலேயே செய்கிறாரே என்று அதற்கும் சேர்த்துப் பாராட்டினோம்.

அந்த வகுப்பில் படித்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ஞாயிறு வந்தால் வயிறு வலிக்கிறது என்றாள். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அப்பா சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறார், மாதம் ஒருமுறை வருவார். முதலில் அம்மா திட்டினார். பிறகு ஒருநாள் மடியில் வைத்துக் கேட்டார். எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு 'சார்' தன்னை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்வதாகவும், தொடக்கூடாத இடங்களில் தொடுவதாகவும் பிள்ளை சொன்னாள்.

அம்மா நேராகக் கோயில் தலைவரிடம் போனார். "நான் பேசிக்கிறேன், நீ வெளிய சொல்லாத" என்றார் தலைவர். இது சித்திரைத் திருவிழா முடிந்த மறுநாள். எங்கள் கூட்டம் நடந்ததோ வைகாசி பிறந்து பல நாள் கழித்து. இடையில் வந்த ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு நடந்தது, காரும் ஓடியது. இந்தப் பிள்ளை மட்டும் போகவில்லை. மற்றப் பிள்ளைகள் போனார்கள். தேதிக்காரர் என்று கிண்டல் செய்பவர்கள் இந்தத் தேதிகளைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

"இந்த மாதிரி ஒரு விசயம் வந்திருக்கு" என்று தலைவர் ஆரம்பித்தார். கூட்டம் முடியும்வரை அது 'இந்த மாதிரி விசயம்' என்றே இருந்தது. அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல லா" என்றார் பொருளாளர். "எம்மவளே அவருகிட்டதான் படிச்சா."

"உங்க மகளைக் கேட்டீங்களா?" என்றேன்.

"எதுக்குக் கேக்கணும்? ஒண்ணும் இல்லாததக் கேட்டு, புள்ள மனசுல நாமளே போடணுமா?"

"தலைவரே, முதல்ல வகுப்ப நிறுத்துங்க. போலீசுல சொல்லணும். சட்டமே இருக்கு" என்றேன்.

"போலீசா? அண்ணே, ஆடித் திருவிழா வருது. பேப்பர்ல கோயில் பேரு வந்தா மாலு லா, வெக்கக்கேடு. அந்தப் பொண்ணுக்கும் நாளைக்குக் கல்யாணம் காச்சி இருக்கு" என்றார் தலைவர்.

பிள்ளைக்கு ஒன்பது வயது. அவள் கல்யாணத்தைப் பற்றி அந்த அறையில் எல்லாருக்கும் கவலை இருந்தது. அவளுடைய அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒருவருக்கும் இல்லை.

அப்புறம்தான் தலைவர் தன் தீர்ப்பை எடுத்தார். "அவருகிட்டப் பேசிட்டேன். மனுசன் அழுதுட்டாரு. எப்ப வேணாலும் முனியாண்டி முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றேன்னு அவரே சொல்றாரு. வெள்ளிக்கெழமை வச்சுக்குவோம். அவரும் அணைக்கட்டும், பொண்ணும் அணைக்கட்டும். அப்பத்தான ஞாயம்?"

"பொண்ணுமா?"

"பின்ன? யாரு பயப்படுறாங்களோ அவங்க சொல்றது பொய். நம்ம பெரியவங்க அப்படித்தான பாத்தாங்க?"

"அது சின்னப் புள்ள. நெருப்பப் பாத்தா பயப்படாதா?"

"சாமிக்கு முன்னால வயசு ஏது அண்ணே" என்றார் பொருளாளர். சொல்லிவிட்டுச் சிரித்தார். "நீங்கதான ஆண்டுமலர்ல எழுதுனீங்க, கோர்ட்டு இல்லாத காலத்துல தோட்டத்துல சூடம்தான் ஞாயம் சொல்லுச்சுன்னு? நல்லா இருந்துச்சு லா. இப்ப நீங்களே மாத்திப் பேசுனா எப்படி?"

எழுதியது உண்மைதான். கோழி திருடு போனாலும், ரப்பர்ப் பால்வாளி காணாமல் போனாலும், சந்தேகப்பட்டவன் முனியாண்டி முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் பேச்சு அதோடு முடியும். ஏன் அப்படி ஒரு வழக்கம் வந்தது என்றும் அதே கட்டுரையில் எழுதியிருந்தேன்: தோட்டத்துத் துரை காது கொடுக்க மாட்டார், காவல் நிலையத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும், எங்களுக்குப் போக்கிடம் இல்லை. அந்தப் பத்தியை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. இன்றைக்குக் காவல் நிலையம் எங்கள் வீடமைப்புத் தாமானுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வாசலில் கார் நிறுத்தவும் இடம் இருக்கிறது. கோழிக்குச் செய்ததைப் பிள்ளைக்குச் செய்யப் போகிறார்களாம்.

மேசையைத் தட்டிப் பேசிப் பார்த்தேன். "அண்ணனுக்கு பிரஷர் ஏறுது, தண்ணி குடுங்க" என்றார்கள்.

மறுநாள் மாலை என் மனைவியும் நானும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வருவதற்கு முன்பே தலைவர் தொலைபேசியில் பேசி முடித்திருந்தார்.

"சரின்னு சொல்லிட்டேன் அண்ணே" என்றார். "சூடம் அணைச்சிட்டா எல்லாம் முடிஞ்சிரும்னு தலைவரு சொன்னாரு. போலீசுக்குப் போனா பேரு வெளிய வரும். அவ அப்பாவுக்குத் தெரிஞ்சா அங்க இருந்து வந்து அந்தாள வெட்டிருவாரு. எனக்கு எங்க போறதுன்னே தெரியல."

போலீசு இப்படிப்பட்ட வழக்குகளை எப்படி விசாரிக்கும், பிள்ளையின் பெயர் வெளியே வராதபடி சட்டம் என்ன சொல்கிறது என்று நான் படித்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். காதில் விழவில்லை என்று தெரிந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

அறையின் திரைக்குப் பின்னாலிருந்து பிள்ளையின் குரல் கேட்டது. "அம்மா, நான் சூடத்தத் தொட மாட்டேன்."

"உண்மையச் சொல்றவங்களச் சுடாது கண்ணு."

"சுடும். நான் முன்னாடியே சத்தியம் பண்ணிட்டேன்."

அம்மா நிமிர்ந்தார். "யாருகிட்ட?"

"சார்கிட்ட. காருக்குள்ள முருகர் இருக்காருல்ல, அவரு மேல கை வைக்கச் சொன்னாரு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லச் சொன்னாரு. சொன்னா ஒனக்கு ஆக்சிடெண்ட் ஆயிரும்னாரு." பிறகு, எங்களுக்குப் புரியவில்லையோ என்று சந்தேகப்பட்டவள்போல, "அதான் ஒன்ன மோட்டார்ல போவாத, போவாதன்னு சொன்னேன். நீ கேக்கவே இல்ல" என்றாள்.

அந்த அம்மா தினமும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போவார். சில நாளாகக் காலையில் பிள்ளை வாசலை மறித்துக்கொண்டு அழுகிறாள், பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் அடம்பிடிக்கிறாள் என்று எங்களிடமே சொல்லியிருக்கிறார். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். என் மனைவி எழுந்துபோய்த் திரைக்கு இந்தப் பக்கமே நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டாள். பதில் வந்த பிறகுதான் உள்ளே போனாள்.

தானாகவே சூடம் அணைக்க அந்த ஆள் ஏன் முன்வந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. எங்கள் குழு பெரிய நியாயம் என்று நம்பி எடுத்த சத்தியம் என்ற அதே பூட்டை அவர் ஏற்கெனவே பிள்ளையின் வாயில் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவர் நிதானமாக அணைப்பார். பிள்ளை நடுங்குவாள். ஊரே பார்த்துவிட்டு, யார் பொய் சொன்னது என்று முடிவுகட்டிக்கொண்டு சாப்பிடப் போகும்.

அம்மா முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். "நாளைக்கு லீவு போடுறேன். காலையிலேயே கார் எடுத்துட்டு வாங்க அண்ணே. போலீசு பாலாய்க்கே போலாம்."

காவல் நிலையத்தில் எங்களைக் காக்க வைப்பார்கள், திட்டுவார்கள் என்றெல்லாம் கோயிலில் பயமுறுத்தியிருந்தார்கள். காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஒரு பெண் அதிகாரி வந்தார், பிறகு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒரே விஷயத்தைப் பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டிய நிலை பிள்ளைக்கு வரவில்லை. எங்கள் மண்டபத்தில் அவளைப் பற்றிப் பேசியவர்கள் அதைவிட அதிகம். புறப்படும்போது பிள்ளை அந்த அதிகாரியிடம் மலாயில் ஏதோ கேட்டாள். அவர் குனிந்து, மெதுவாகப் பதில் சொன்னார். காரில் ஏறியதும், "பெரியவங்க அப்படி வாங்குற சத்தியம் செல்லாதாம்மா" என்று அம்மாவுக்கு மொழிபெயர்த்தாள். அம்மாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். இருந்தாலும் முதல்முறை கேட்பதுபோல, "அப்படியா? செல்லாதா?" என்றார்.

மாலையில் நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். முனியாண்டி முன்னால் எல்லாரும் நின்றிருந்தார்கள். அந்த ஆள் குளித்துவிட்டு, பட்டையாகத் திருநீறு பூசி, வேட்டி கட்டி வந்திருந்தார். தட்டில் சூடம் தயார்.

"பொண்ணு எங்க அண்ணே?" என்றார் பொருளாளர். "பயந்துருச்சா?"

"காலையிலேயே போலீசுல சொல்லியாச்சு."

தலைவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"கோயில் பேரச் சொன்னீங்களா?"

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. கோயில் பேரைச் சொன்னீர்களா! என் வயதுக்கும் இடத்துக்கும் பொருந்தாத ஒரு வார்த்தையை அப்போது சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை. அந்த ஆள் துண்டை மடித்துத் தோளில் போட்டார், கார்ச் சாவியை எடுத்தார், எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பதில் கும்பிடு போட்டவர்களும் இருந்தார்கள். "இந்தச் சூடத்த என்ன பண்றது?" என்று பூசாரி கேட்டார். நியாயமான கேள்வி என்று அதை மட்டும்தான் சொல்ல முடியும்.

அந்த ஆளைக் கைது செய்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, எனவே இதற்கு மேல் எழுதக்கூடாது. கைது செய்தி பரவிய வாரத்தில் இன்னொரு அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார், தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. அதற்குப் பிறகுதான் பொருளாளர் கிண்டலை நிறுத்தினார். தன் மகளை அவர் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

குழுவில் நான் கேட்டவை பெரிய விஷயங்களல்ல. வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். பிறர் பிள்ளையை யாரும் தனியாகக் காரில் ஏற்றக்கூடாது. அப்பா அம்மாவுக்குத் தெரியக்கூடாத ரகசியம் என்று எந்தப் பெரியவரும் பிள்ளையிடம் பேசக்கூடாது. "அப்ப எல்லாரையும் சந்தேகப்படணுமா?" என்று கேட்டார்கள். ஆமாம், என்னையும் சேர்த்து என்றேன். இரண்டு கூட்டங்கள் இழுத்தடித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். விழிப்புணர்வுப் பேச்சுக்குத் தைப்பிங்கிலிருந்து ஓர் ஆலோசகர் அம்மாவை வரவழைத்தேன். அழைப்பிதழில் தலைப்பை 'நன்னெறிச் சிறப்புரை' என்று மாற்றிவிட்டார்கள். தலைவர் வரவேற்புரையிலேயே அந்த ஆலோசகரின் நேரத்தைத் தின்று தீர்த்தார். ஆலோசகர் பேச எழுந்தபோது, "சாப்பாடு ஆறிடும்மா, சுருக்கமா" என்று துண்டுச் சீட்டு போனது. அப்பாக்களில் பாதிப்பேர் வெளியே கார்களுக்குப் பக்கத்தில் நின்று பந்தயம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது பொம்பளைகளுக்கான பேச்சாம்.

ஆடி மூன்றாம் வெள்ளி அந்தப் பிள்ளை அம்மாவோடு கோயிலுக்கு வந்தாள். போலீசில் சொன்ன பிறகு அவள் வருவது அதுதான் முதல்முறை. சிலர் நகர்ந்து வழி விட்டார்கள், சிலர் வேண்டுமென்றே திரும்பிக்கொண்டார்கள். தீபாராதனை முடிந்து பூசாரி தட்டோடு வரிசையாக வந்தார். எல்லாரும் சூடத்தின் மேல் கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். பிள்ளையிடம் தட்டு வந்தபோது அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணிக்குப் பொறுக்கவில்லை. "என்ன புள்ள இது, சாமி கும்பிடத் தெரியாதா? தொட்டுக் கும்பிடு" என்று சொல்லி, பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டுப் பக்கம் இழுத்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. எங்களில் யாரும் எந்தப் பிள்ளையிடமும் செய்யக்கூடியதுதான். அத்தனை பேச்சுக்கும் கூட்டத்துக்கும் பிறகும்.

நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளையே சொன்னாள், பூசாரியின் மணிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி: "கைய விடுங்க."

"ஐயோ, நான் என்னா..."

"அவ சொல்றால்ல அக்கா" என்றார் அம்மா. "கைய விடுங்க."

அவர் விட்டார். பூசாரி தட்டை அடுத்த ஆளிடம் கொண்டுபோனார். பிள்ளை மணிக்கட்டைப் பாவாடையில் துடைத்துவிட்டு, பொங்கல் கொடுக்கும் இடத்தில் வரிசை நீளுகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.