முக்காடு போட்ட பூசணிப் பூக்கள்

“...வாசலைச் சாத்திப்புட்டு விருந்துக்குக் கூப்பிட்டா எந்தத் தேனீ வரும்? பூவுக்குப் போயி முக்காடு போடுதீகளே!”

சொன்னது முத்தக்கா. செண்பகத்தோப்பு போகும் வழியில் அவருடைய பூசணித் தோட்டம். நான் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் லேப் அட்டெண்டர். அந்தக் கோடை விடுமுறையில் இரண்டாம் ஆண்டு மாணவி மெர்சியின் தேனீ புராஜெக்டுக்குத் துணையாகப் போனேன்.

மறுநாள் மலரப்போகும் பெண்பூக்களில் சிலவற்றுக்கு முதல்நாள் மாலையே கொசுவலைப் பை கட்டுவோம். ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டும் அந்தப் பூக்களுக்குப் பெயர் கன்ட்ரோல். மற்ற பூக்களைத் திறந்துவிட்டு, காலையில் எத்தனை தேனீ வருகிறதென்று எண்ணுவோம். பைக்குள் இருக்கும் பூவில் தேனீ நுழையாது. அடியிலிருக்கும் பிஞ்சு பழுத்து உதிரும்.

முதலில் கட்டியவை அப்படியே உதிர்ந்தன. கணக்குத் தப்பக் கூடாதென்று மெர்சி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு குறித்துக்கொண்டாள். முத்தக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்துக் கட்டியவை அத்தனையும் காய்த்துவிட்டன!

மெர்சி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். “கன்ட்ரோல் காய்ச்சிருச்சுன்னா புராஜெக்டே இல்லண்ணே. லீவும் முடியப் போகுது.”

முத்தக்கா சிரித்த முகமாக வந்தார். “பாத்தியா தாயி, அம்புட்டும் பிடிச்சிருச்சு! இனி ஒன்னைய பெயிலு போட மாட்டாகல்லா?”

“அக்கா, நீங்க என்ன செஞ்சீக?” என்றேன்.

“விடியத் தண்ணி பாய்ச்ச வாரப்போ பையை அவுத்துவிட்டேன். நீங்க வாரதுக்குள்ள கட்டிட்டேன். புள்ள மூஞ்சிய பாக்கச் சகிக்கலை.”

“இது உதுந்தாத்தான் அவ பாஸு, அக்கா!”

“இதென்ன கூத்து? காய்ச்சா பெயிலு, உதுந்தா பாஸா?”

“தேனீ வரலேன்னா காய் இல்லேன்னு காட்டணும்க்கா,” என்றாள் மெர்சி, அழுகையும் சிரிப்புமாக.

“இத மொதல்லயே சொல்லித் தொலைக்கதுக்கு என்ன?”

நியாயம்தானே? தோட்டத்தைக் கேட்ட நாங்கள், எதற்கென்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னோடு வந்த எந்தப் பிள்ளையும் தோட்டக்காரருக்கு விவரம் சொல்லாமல் ஒரு பைகூடக் கட்டியதில்லை.

கொடி ஓயும் நேரம். கடைசிப் பூப்புதான் மிச்சம். முத்தக்கா மெர்சியின் கையிலிருந்த வலைப் பைகளை வாங்கினார். சந்தைக்கு ஆகுமென்று கண் வைத்திருந்த கொழுத்த மொட்டுகளையே தேடித் தேடிக் கட்டினார். மறுநாள் விடியலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பைகளைச் சுற்றிவந்த தேனீக்களை முந்தானையால் விரட்டிக்கொண்டிருந்தார்:

“அங்கிட்டுப் போங்க! இது பரீட்சைப் பூவு!”