கயிறு இறங்காத காளைகள்

சோலையம்மாளுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. திண்டுக்கல் ஆத்தூர்ப் பக்கம் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் தொழுவத்தை எட்டிப் பார்ப்பாள். திரும்பி வந்து கஞ்சியை வடித்துவிட்டு மறுபடியும் எட்டிப் பார்ப்பாள். "உங்க அப்பன் வீட்ல கால்ல சக்கரத்தக் கட்டியா அனுப்புனாக?" என்று புருஷன் சடையாண்டி கேலி பண்ணுவான். அவனுக்கென்ன, உட்கார்ந்தபடியே பிழைப்பு நடத்துகிற மகராசன். வத்தலக்குண்டு மண்டியில் மலைவாழைத் தார்களை வண்டியில் ஏற்றித் திண்டுக்கல்லில் இறக்குவது அவன் தொழில். காளைகளுக்கு வழி அத்துப்படி. அவன் பாதித் தூரம் தூங்கிக்கொண்டுதான் வருவான்.

அந்தக் காளைகள் செவலையும் மயிலையும். தாய் போட்டுவிட்ட தண்டட்டியை விற்றுத்தான் சோலையம்மாள் அவற்றை வாங்கினாள். பொம்பளை காதை மூளியாக்கிக்கொண்டு மாடு வாங்கியதை ஊரே பேசியது. "காதுல தொங்குறது கஞ்சி ஊத்துமா? இதுக ஊத்தும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டப் போய்விட்டாள். பிடிகயிறு இரண்டையும் நாரை உரித்துத் தன் கையாலேயே திரித்தாள்.

நயா பைசா புதிதாக வந்திருந்த சமயம் அது. ஊர் முழுக்க அணாக் கணக்கில் குழம்பிக்கொண்டிருந்த ஒரு நாள், செம்பட்டி விலக்கில் மதுவிலக்குப் போலீசார் சடையாண்டியின் வண்டியை மறித்தார்கள். தார்களுக்கு அடியில் மாட்டுக்கென்று போட்டிருந்த வைக்கோலைப் புரட்டினால் உள்ளே கஞ்சா மூட்டைகள். சடையாண்டியை அங்கேயே பிடித்துக்கொண்டு போனார்கள். வண்டியும் மாடும் சர்க்கார் வசமாயின.

மூட்டைகள் யாருடையவை என்று வத்தலக்குண்டில் பால் குடிக்கிற பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மண்டி முதலாளி பொன்னழகுதான். ஆனால் சடையாண்டி வாயைத் திறக்கவில்லை. குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பொன்னழகு ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பி மடையன் மதுரை ஜெயிலுக்குப் போனான்.

சோலையம்மாள் பருத்திக்கொட்டையைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்கு ஓடினாள். காளைகளைப் பவுண்டில், அதான் சர்க்கார் மாட்டுப்பட்டியில், அடைத்திருந்தார்கள். ஊர் மேயும் மாடுகளோடு மாடாக அவையும் வயிறு ஒட்டி நின்றன. காவலுக்கு இருந்த போலீஸ்காரரும் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைதான். அவள் நிலையைப் பார்த்து இரக்கப்பட்டு, "ஆத்தா, வேணும்னா உன் பிடிகயித்த அவுத்துக்கிட்டுப் போ. நாங்க வேற கயிறு போட்டுக்கிறோம்" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அந்தச் சீமையில் மாட்டை விற்கிறவர்கள் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். மாடு போனாலும் லட்சுமி வீட்டில் தங்க வேண்டுமே. வாங்குகிறவன் தன் கயிற்றோடு வருவான். விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போவான். கயிறு இறங்கிவிட்டால் அந்த மாடு திரும்ப அந்தத் தொழுவத்துக்கு வரக்கூடாது. கயிறு இறங்காத மாட்டையோ மானமுள்ள சம்சாரி எவனும் தொடமாட்டான்.

சோலையம்மாளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "எதுக்கு அவுக்கணும்? நாங்க என்ன வித்தா புட்டோம்?" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

அதிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. விடிந்தால் பவுண்டு, பொழுது சாய்ந்தால் ஊர். நடுவில் வக்கீல் வீட்டு வாசல், கோர்ட்டு மரத்தடி. உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டாள். உட்கார்ந்தால் யோசனை வரும், யோசனை வந்தால் பயம் வரும். வக்கீல் ஒரு வழி சொன்னார். கஞ்சா ஏற்றிய மாடும் வண்டியும் பறிமுதல்தான். ஆனால் மாடு இன்னொருவருடையது, அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று ருசுவானால் திரும்பக் கிடைக்கும். வண்டி சடையாண்டியின் அப்பன் வண்டி, அது போனது போனதுதான். மாடு அவளுடையது. சாட்சிக்கு, அவளுக்கு அந்த மாடுகளைப் பிடித்துக் கொடுத்த தரகர் முகமது பாரூக் இருக்கிறார். அப்பாடா என்று அவள் மூச்சு விட்டது அன்றைக்கு மட்டும்தான்.

பாரூக் பாய் சந்தையில் வாக்கு சுத்தமானவர். கூண்டில் ஏறிச் சத்தியம் வைத்தார். மாட்டு விலை எப்படிப் பேசப்படும் என்று கோர்ட்டில் கேட்டார்கள். தோள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவோம் என்றார்.

"அன்றைக்குத் துண்டுக்குள் இருந்தது யார் கை?"

"சடையாண்டி கைங்க. பொம்பளைப் பிள்ளை கைய நான் எப்படித் துண்டுக்குள்ள பிடிக்கிறது? ஆனா பின்னால நின்னு விலைய முடிச்சது..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. விலை பேசியவனே வாங்கியவன் என்று முடிவாயிற்று. காளைகள் பறிமுதல், பவுண்டிலேயே ஏலம்.

வெளியே மரத்தடியில் சோலையம்மாள் பாயைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் பாய், என் கைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க துண்டு தீப்பிடிச்சா போயிருக்கும்?"

"நெசத்தத்தான் சொன்னேன் தங்கச்சி. நெசம் இங்க போயி முட்டும்னு நான் கண்டேனா?" அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதற்கு மேல் அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பொன்னழகு அவள் வாசலுக்கே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. மனுஷன் கெட்டிக்காரர். மண்டி மருமகன் பேரில், லாரி மச்சினன் பேரில், வீடு சம்சாரம் பேரில். சர்க்கார் அவரிடம் பறிமுதல் செய்ய வந்தால் இடுப்பு வேட்டியைத்தான் உருவ வேண்டும். அதையும் யார் பேரில் வாங்கினாரோ.

"தாயி, மாட்டப் பத்திக் கவலப்படாத. நீ கயித்த இறக்கல பாரு, அது நல்ல காரியம். கயிறு இறங்காத மாட்ட எவனும் கேக்க மாட்டான். நம்ம ஆளு அடிமாட்டு வெலைக்கு எடுத்து உன் தொழுவத்துலயே கொண்டாந்து கட்டிருவான். சடையாண்டி வந்ததும் நம்ம வண்டி ஒண்ணுல பூட்டிப் பழையபடி ஓட்டட்டும்."

"யாரு பேர்ல எடுப்பீக?"

"நம்ம ஆளு பேர்லதான். அதெல்லாம் உனக்கெதுக்கு?"

அவர் போன பிறகு அவள் தொழுவத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள். காளைகள் வந்துவிடும், அந்த முளைக்குச்சியில் கட்டலாம், தடவிக்கொடுக்கலாம். ஆனால் அப்போது மாடு பொன்னழகுடையது. வைக்கோலுக்குள் எதை வைத்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு வண்டி கட்ட வேண்டும். சர்க்கார் பறித்தது ஒரு தடவை. இவர் ஆயுசு முழுக்கப் பறித்துக்கொண்டிருப்பார்.

மதுரைக்குப் போய்ப் புருஷனிடமும் கேட்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் சடையாண்டி இளைத்துப் போயிருந்தான். "ஒத்துக்க புள்ள. அவரு நம்மளக் கைவிட மாட்டாரு" என்றான்.

"அவரு கைவிடாமதான் நீரு இங்க குத்தவச்சிருக்கீரோ?" என்றாள். சொன்ன பிறகு அழுகை வந்தது.

ஏலத்தன்று பவுண்டு வாசலில் நல்ல கூட்டம். வடமதுரைச் சம்சாரிகள் காளைகளின் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், திமிலைத் தட்டினார்கள். செவலையின் நடையை ஒருவர் வாய் விட்டே மெச்சினார். பிறகு அவர் கண் கழுத்துக்குப் போனது. "கயிறு இறங்கலையா?" என்று பக்கத்தில் கேட்டார். மூலையில் நின்ற சோலையம்மாளை யாரோ காட்டினார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

குமாஸ்தா தொண்டை வற்றக் கூவினார். கேட்பாரில்லை. பொன்னழகின் ஆள் மட்டும் பல்லைக் குத்திக்கொண்டே ஒரு விலை சொன்னான். ஆட்டுக்குட்டிக்குக்கூட அந்த விலை சொன்னால் அடிக்க வருவார்கள்.

"ஒரு தரம்" என்றார் குமாஸ்தா.

சோலையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். மயிலை அவள் முந்தானையை முகர்ந்தது. தூக்குச்சட்டி எங்கே என்று தேடியது பாவம்.

"ஏம்மா, தள்ளிப் போ. அது சர்க்கார் மாடு."

"மாடு சர்க்காரோடதுதான் சாமி. கயிறு என்னுது."

"அவுத்துக்கிரட்டும் சார்" என்றார் பவுண்டுப் போலீஸ்காரர். "நாந்தான் அன்னைக்கே சொன்னேன்."

தானே இறுக்கிய முடிச்சு அவள் விரலுக்கு லேசில் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். முதலில் செவலை, பிறகு மயிலை. இரண்டு கயிற்றையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு சம்சாரிகளைப் பார்த்துத் திரும்பினாள்.

"கயிறு இறங்கிருச்சு. நல்லாக் கேளுங்க அப்பு. செவலைய வலத்த கட்டணும், மாத்திக் கட்டுனா மொரண்டு பண்ணும். மயிலைக்குப் பருத்திக்கொட்டை இல்லாட்டி தண்ணி எறங்காது."

சம்சாரிகள் மறுபடியும் காளைகளைச் சுற்றி நெருங்கினார்கள். பிறகு துண்டை உதறிக்கொண்டு போன அந்த வடமதுரைக்காரரே ஒரு விலை சொன்னார். இன்னொருவர் ஏற்றினார். பொன்னழகின் ஆள் குத்துகுச்சியைத் துப்பிவிட்டு இரண்டு தரம் கேட்டுப் பார்த்தான். விலை அவனைத் தாண்டிப் போய்விட்டது. கடைசியில் வடமதுரைக்காரருக்கே விழுந்தது. அவர் வண்டியிலிருந்து புதுக்கயிற்றை எடுத்துவந்து பூட்டினார். அவர் பிடித்து நடந்தபோது செவலை ஒரு தரம் நின்று திரும்பியது. சோலையம்மாள் வேறு பக்கம் பார்த்தபடி அழுதாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பாரூக் பாய் கூடவே வந்தார். அங்கே போட்டிருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து பாய் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கயித்த இறக்காம இருந்திருந்தா மாடு தொழுவத்துக்காச்சும் வந்திருக்கும் தங்கச்சி. சடையாண்டி வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

அவள் கயிறுகளை மடியில் வைத்து, முறுக்குப் பிரிந்த நாரைத் திரும்பத் திரித்துக்கொண்டிருந்தாள்.

"வித்துட்டேன்னு சொல்லுவேன் பாய்" என்றாள். "கயிறு வீட்ல இருக்குல்ல."