டீச்சரம்மா வீட்டுப் போறணை

போன மாதம் என் மகள் ஒரு கரண்டு ஓவன் வாங்கினாள். வாங்கி நாலு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் கோழியைச் சுட்டு எண்ணெய் தெறித்து, கண்ணாடிக் கதவு பழுப்பேறிப் போய்விட்டது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு பெண் பேசுவதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சோடா மாவைக் குழைத்துத் தடவ வேண்டுமாம், ராத்திரி முழுக்க ஊற விட வேண்டுமாம், காலையில் துடைத்தால் வந்துவிடுமாம். என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி அந்தப் பெண் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வயதானால் கோபம் குறையும் என்கிறார்கள். எனக்கு எந்த நாளும் குறைந்ததில்லை.

இந்தச் சோடா வைத்தியத்தை நான் செய்தது குன்னூருக்கு வந்து சேர்ந்த முதல் வருடம், மார்கழிக் குளிரில்.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாக் குசினியில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக நான்கு வருடம் வேலை பார்த்தேன். ரொட்டியும் கேக்கும் சுடுகிற செங்கல் அடுப்புக்கு அங்கே போறணை என்று பெயர். சுடுவது பெரிய சமையல்காரரின் வேலை. அதை வழித்துத் துடைத்து மறுநாளைக்குத் தயாராக வைப்பது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. என் போறணையில் விரலால் தடவிப் பார்த்தால் விரல் கறுக்காது.

பிறகு காகிதம் வந்தது. யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று பெரிய மனிதர்கள் எங்கோ உட்கார்ந்து பிரித்ததில் நாங்கள் இந்தியாவுக்கு. கப்பல், மண்டபம் முகாம், ரயில், பஸ் என்று வந்து சேர்ந்த இடம் குன்னூரை ஒட்டின ஜெகதளாவுக்குக் கீழே ஒரு சரிவில் வரிசையாகப் போட்டிருந்த தகரக் கொட்டகை. வீட்டுக்காரருக்குக் காட்டை வெட்டித் தேயிலை நடுகிற இடத்தில் வேலை. மகளுக்கு அப்போது மூன்று வயது. பனி கொட்டகைக்குள்ளேயே இறங்கும். காலையில் எழுந்தால் கம்பளி நனைந்திருக்கும். பிள்ளைக்கு இருமல் பிடித்தது, விடவே இல்லை. டிஸ்பென்சரியில் இருந்தவர் மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, "மருந்து என்னத்தைம்மா கேக்கும், ஈரமில்லாத ஊட்டுல மொதல்ல படுக்க வையுங்க" என்றார். ஈரமில்லாத வீட்டுக்கு நான் எங்கே போவேன்.

ரேஷன் வரிசையில் நிற்கும்போதுதான் டீச்சரம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள், கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊருக்கெல்லாம் கேக் செய்து கொடுப்பவர். சமையலறை வேலைக்கு ஆள் தேடுகிறார். வேலைக்கு வருகிற குடும்பத்துக்கு வீட்டோடு ஒட்டின பின்னறை ஒன்று உண்டு, ஓட்டுக்கூரை, சாத்துகிற கதவு. இதைக் கேட்டதும் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு அரிசி வாங்கவில்லை.

டீச்சரம்மா குட்டையான மனுஷி. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். நான் இன்னும் பரீட்சையே எழுதவில்லை, அதற்குள் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்ட மாதிரி ஒரு பார்வை.

"கேக்கு சுடத் தெரியுமா?"

"சுடத் தெரியாதுங்கம்மா. நாலு வருசம் பங்களாவுல வேலை பாத்திருக்கேன், போறணையத் துப்புரவாக்கத் தெரியும்."

"எதை?"

சமையலறை மூலையில் இருந்ததைக் காட்டினேன். செங்கல்லால் கட்டின அடுப்பு, கீழே விறகு வைக்கிற வாய், மேலே கேக் வைக்கிற அறை, இரும்புக் கதவு. எங்கள் பங்களாவில் இருந்ததற்கு அக்கா தங்கை மாதிரி இருந்தது, ஆனால் அனாதைப் பிள்ளை மாதிரி அழுக்கேறிக் கிடந்தது.

"ஓவனையா? அதுக்குள்ள ஆரும் கைய விட்டுக் கழுவி ஏழு வருசமாச்சு. உனக்கு முன்னால ரெண்டு பேரு வந்தாங்க, கதவைத் தொறந்து பாத்துட்டு அப்படியே போயிட்டாங்க. போன வருசம் கேக்கெல்லாம் பொகை நாத்தம். வாங்குனவங்க மரியாதைக்கு ஒண்ணும் சொல்லல." சுவரில் தொங்கின நாள்காட்டியைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமை கேக்கு உள்ளார போகணும். அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்தீன்னா ரூமுச் சாவி உனக்கு. இல்லைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அன்று புதன்கிழமை.

வியாழக்கிழமை காலையில் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். எந்த அழுக்கையும் எடுத்த எடுப்பில் சுரண்டக் கூடாது. சுரண்டினால் கைதான் தேயும். முதலில் கீழே நாலு சுள்ளி வைத்துச் சின்னதாகத் தீ மூட்டி, மேலறையில் அகலமான சட்டியில் தண்ணீர் வைத்து, பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலை எல்லாம் அதில் போட்டுக் கதவைச் சாத்தினேன். அரை மணி நேரத்தில் ஏழு வருடத்து வெண்ணெயும் சர்க்கரைப் பாகும் வியர்க்க ஆரம்பித்தன. பிறகு தீயை அணைத்து, வெதுவெதுப்பு இருக்கும்போதே, சலித்த விறகுச் சாம்பலில் ஆப்பச் சோடாவைக் கலந்து இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து உள்ளே பூசிவிட்டேன். கம்பித் தட்டுகளைச் சாம்பல் தண்ணீரில் நனைத்த சாக்கில் சுற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவ்வளவுதான். ராத்திரி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பால் வழித்தபோது கருப்பு பாளம் பாளமாக வந்தது. கத்தி வேண்டாம், கம்பி வேண்டாம். மூலைக்கு மட்டும் தேங்காய் நார். கடைசியில் ஈரச் சாக்கால் மூன்று தடவை துடைத்தேன். டீச்சரம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவை வந்தபோது எனக்கு ஒரு டம்ளர் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அழுக்குப் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. செங்கல்லுக்குச் செங்கல் விரிசல். கீழே எரிகிற விறகின் புகை அந்த வழியாகத்தான் மேலே வந்து கேக்கில் ஏறியிருக்கிறது. பாதி விரிசலை இதுவரைக்கும் அழுக்குதான் அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதையும் நான் வழித்து எடுத்துவிட்டேன். இப்படியே விட்டால் இந்த வருடக் கேக் போன வருடத்தைவிட நாறும்.

எங்கள் பங்களாவில் இதற்கு என்ன செய்வோமோ அதைச் செய்தேன். ஓடைக்கரையில் களிமண் எடுத்தேன். தெருக் கோடியில் மாடு வைத்திருந்த படகர் வீட்டம்மாவிடம், அவர் பாஷை தெரியாததால் சைகையாலேயே கேட்டு ஒரு கூடை சாணி வாங்கினேன். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சாணி. சாணி சேர்த்தால்தான் சூட்டில் மண் வெடிக்காது. விரிசலை எல்லாம் அடைத்து, உட்சுவர் முழுக்க மெல்லிசாக மெழுகி, வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று கதவுக்கு மேலே விரலால் மூன்று கோடு விபூதியும் இழுத்துவிட்டேன். டீச்சரம்மா அந்த நேரம் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பிள்ளையை அண்டை வீட்டில் விட்டிருந்தேன், அதனால் காத்திருக்காமல் கிளம்பினேன்.

பூசின போறணைக்கு ஒரு நாள் முழுக்க வெறுந்தீ போட வேண்டும். உள்ளே எதையும் வைக்காமல் எரித்து, ஈரமும் வாடையும் போன பிறகே சமையல். எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. சனிக்கிழமை வந்து நான் போட்டுக்கொள்வேன் என்று நினைத்தேன். டீச்சரம்மா ஜென்மத்தில் சாணி பூசின அடுப்பைப் பார்த்ததில்லை என்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனபோது தெருவிலேயே வாடை அடித்தது. வெண்ணெய், கருவாப்பட்டை, கூடவே மாட்டுத் தொழுவம். அடுப்பு கரியெல்லாம் போய் வழவழவென்று இருப்பதைக் கண்டு சந்தோஷத்தில் ஒரு நாள் முன்னதாகவே, விடியும் முன்பே எழுந்து சுட ஆரம்பித்துவிட்டாராம். மேசை மேல் நாலு கேக். டீச்சரம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ளார என்ன பூசி வெச்சே?"

"களிமண்ணுங்கம்மா. கொஞ்சம் சாணி."

"சாணி." அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "ஒரு மாசமா ஊறப்போட்ட பழம்மா அது. திங்கற பண்டம் சுடற எடத்துல கொண்டுபோய்ச் சாணியப் பூசியிருக்கற. நீ போலாம்."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"சொல்லாமப் போனது என் பிழைதாங்கம்மா. நாலு கேக்கும் என்னாலதான் கெட்டுச்சு. ஆனா அந்த வெடிப்ப அடைக்காம விட்டா நீங்க எத்தனை தரம் கழுவுனாலும் பொகை வரத்தான் செய்யும். பூசுன மறுநாளே யாருங்கம்மா சுடுவாங்க? இன்னைக்கு முழுக்க வெறுந்தீ போட விடுங்க. நாளைக்கும் நாறுச்சுன்னா ஒவ்வொரு கல்லா நானே பேத்துக் கழுவிக் குடுத்துட்டுப் போறேன்."

"அந்தச் சாவிக்காகப் பேசற நீ."

"ஆமாங்கம்மா, சாவிக்காகத்தான். எம்புள்ள ராத்திரியெல்லாம் இருமுது."

டீச்சரம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லாததை நான் ஆகட்டும் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது கைவந்த கலை.

பகல் பூராவும் எரித்தேன். மதியம் வரைக்கும் சாணி வாடை. பிறகு மழை விழுந்த புது மண் வாடை. நாலு மணிக்கு மேல் சூடான செங்கல் வாடை மட்டும். சாயங்காலம் ஆறவிட்டு உள்ளே தலையை நுழைத்து நாய் மாதிரி ஒவ்வொரு மூலையாக மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நாள் முழுக்க அதிலேயே கிடந்த மூக்கை யார் நம்புவது. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் எதையும் சொல்லவில்லை. அவர் அதற்குள் புது அறைக்குப் போகலாம் என்று சாமான்களைக் கட்டி வைத்திருந்தார். பாவம், அந்த மூட்டையைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா சர்ச்சுக்குப் போய் வந்து, வெள்ளைப் புடவையை மாற்றாமலே மாவைக் கலந்தார். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்து கேக் வெளியே வந்தபோது, என் பெயர் சொல்லி யாரோ கோர்ட்டில் கூப்பிட்ட மாதிரி எழுந்து நின்றேன்.

சூடு ஆறும் முன்பே ஒரு துண்டு வெட்டி நீட்டினார். "நீயே தின்னு பாரு. நாத்தம் வருதா, பொகை வருதா, சொல்லு."

வாயில் போட்டேன். நாக்கெல்லாம் இனிப்பு. ஏதோ பழம், ஏதோ பட்டை.

"நல்லா இருக்குங்கம்மா."

"நல்லா இருக்கான்னா கேட்டேன்? கேக்கு எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கா?"

"அது எனக்குத் தெரியாதுங்கம்மா."

"எப்படித் தெரியாமப் போகும்? நாலு வருசம் பங்களாவுல வேலை பாத்தேன்னு சொன்னே."

"பாத்தேங்கம்மா. போறணையத் தொடைக்கறதுதான் என் வேலை. கேக்கு வெந்ததும் மேசைக்குப் போயிரும். நான் தின்னதில்லை. இதுதான் மொதத் தடவை."

பொய்யாகவாவது அருமை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. சாவி கையை விட்டுப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

டீச்சரம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் தடவையாகக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தானும் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி மெதுவாக மென்றார்.

"பொகை வரல," என்றார். பிறகு கேக்கில் பாதியை அப்படியே வெட்டித் தாளில் சுற்றி, அதன் மேலே சாவியை வைத்து என்னிடம் நீட்டினார். "பாப்பாவுக்குக் குடு. பனி எறங்கறதுக்குள்ள கூட்டிட்டு வந்துரு."

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டோம். ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டை, ஒரு பிள்ளை. அறையில் வேறு ஒன்றும் இல்லை. நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது மகள் மூலையில் போய் நின்று சுவரில் முதுகைச் சாய்த்தாள். சாய்த்தவள் திரும்பிக் கன்னத்தை வைத்தாள்.

"அம்மா, செவுரு சுடுது."

நான் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை, நல்ல இளஞ்சூடு. அந்தப் பக்கம் இருந்தது போறணையின் முதுகு. காலையிலிருந்து எரிந்த தீ செங்கல் வழியாக எங்கள் அறைக்கு வந்துகொண்டிருந்தது. கப்பல் ஏறின அன்று என் அம்மாவைக் கரையில் விட்டுவிட்டு வந்தபோதுகூட நான் அழுத்தமாக நின்றவள். இப்போது துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, அந்தச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து விம்மி விம்மி அழுதேன். வீட்டுக்காரர் பயந்துபோய் என்ன என்ன என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து அந்தச் சுவரில் வைத்தேன். பிள்ளை அதற்குள் சுவரோடு ஒட்டிப் படுத்து, இருமாமல் தூங்கிப்போயிருந்தாள்.