சுற்றாத படகு

வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். சின்ன வயதில் அவ்வளவு ஒல்லி. படித்து முடித்து, காந்த உணரிகளை வடிவமைக்கும் வேலையில் சேர்ந்தபோது அண்ணன் கேலி செய்தான். "பேருக்கு ஏத்த வேலைதான். நீ செய்யற சாமானும் குண்டூசித் தலை அளவுதானாமே."

அண்ணன் ஏரியில் பயணிகள் படகு ஓட்டினான். பனிமூட்டம் இறங்கினால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. மலைகளுக்கு நடுவே செயற்கைக்கோள் சிக்னலும் வந்து வந்து போகும். பூமியின் காந்தப்புலத்தை மட்டும் நம்பித் திசை சொல்லும் கருவியைச் செய்ய வேண்டும் என்கிற பிடிவாதம் அவளுக்கு அங்கேதான் பிறந்தது.

பூமியின் காந்தம் மிகவும் மெலிது. பக்கத்தில் ஒரு ஸ்பானர் கிடந்தாலே உணரி தடுமாறிவிடும். ஆய்வகத்திலிருந்து இரும்பு நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வருடக்கணக்கில் மல்லுக்கட்டினாள். வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தாள். ஒருவழியாக உணரி கைகூடியது.

அதில் ஒரு நிபந்தனை இருந்தது. கருவியைப் பொருத்தியதும் படகை ஒருமுறை முழு வட்டமாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் அக்கம்பக்கத்து இரும்பை அது தெரிந்துகொண்டு, அதன் இழுப்பைக் கழித்துவிட்டுச் சரியான திசையைக் காட்டும். என்ஜினை மாற்றினால் மறுபடியும் சுற்ற வேண்டும். சுற்றும்வரை திரை எதையும் காட்டாதபடி ஒரு பூட்டும் போட்டிருந்தாள். முதல் கருவியை அண்ணன் படகில் அவளே பொருத்தினாள். சுற்ற வேண்டிய நேரத்தில் அதுவே கேட்கும், நீ எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவனிடம் சொன்னாள்.

விற்பனைக்கு வந்ததும் வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு வெட்டியாக வட்டமடிப்பதா என்றார்கள். மேலாளர் பூட்டை எடுக்கச் சொன்னார். அவள் மறுத்தாள். அவர் கோபப்படவில்லை. வேறொருவரை வைத்து எடுத்துவிட்டார்.

அண்ணன் படகுக்குப் புது என்ஜின் போட்டபோது, பழுதுபார்க்க வந்தவர் பழைய கருவியையும் கழற்றி, பூட்டு இல்லாத புதியதை மாட்டிவிட்டுப் போனார். அவளுக்கு இது தெரியாது. அடுத்த மூட்டத்தில் படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது. பயணிகளில் ஒரு பெண் பிழைக்கவில்லை.

மருத்துவமனையில் அண்ணன் அவளைத் திட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னான். "பாறை வலது பக்கம் இருக்குன்னு என் மனசு சொல்லிச்சு. திரை நேரா போன்னுச்சு. சுத்தணும்னா அதுவே கேக்கும்னு சொன்னியே. அது கேக்கலையே."

விசாரணையில் உணரி பழுதா என்று மட்டும் கேட்டார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"பழுது இல்ல சார். புது என்ஜின் வந்தது அதுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கறதுக்கு இருந்த வழியை இவங்க எடுத்துட்டாங்க."

படகைச் சுற்ற வேண்டும் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்றார் மேலாளர். அதிகாரிக்கு அது போதுமானதாக இருந்தது. அண்ணனின் உரிமம் பறிபோனது. அவளுடைய வேலையும் போனது. இப்போது வேறொரு இடத்தில், குளிர்பதனப் பெட்டியின் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் உணரி செய்கிறாள். அண்ணன் ஏரிப் பக்கமே போவதில்லை. அவள் அண்ணன் வீட்டுக்குப் போனால் அண்ணி கதவைத் திறந்துவிட்டு, வா என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விடுகிறாள்.

அந்தக் கருவி இன்னும் நன்றாக விற்கிறது. ஒருநாள் படகுத்துறைக்குப் போய், என்ஜின் மாற்றினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்புங்கள் என்று ஓட்டுநர்களிடம் சொல்லிப் பார்த்தாள். தலையாட்டிக் கேட்டார்கள். அவள் நகர்ந்ததும் ஒருவர் மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அண்ணன் மேல தப்பு இல்லன்னு காட்டறதுக்குப் பாவம், ஊர் ஊராப் போய் கதை சொல்லுது."

புது என்ஜின் போட்டிருந்த அவர் படகு கிளம்பியது. கரையிலிருந்து நேராகவே போனது.