ஈரப்பதம் கூடிய இளவரசன்

போன வாரம் ஓர் இளவரசனை வெயிலில் காயப்போட்டேன்.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு நெல் கொள்முதல் நிலையம். சாக்கு வரவில்லை, சாக்கு வராமல் எடை இல்லை. குத்தகை நிலத்தில் விளைந்த சம்பாவைக் குவித்துவிட்டுக் காத்திருந்தார் செல்வராணி அக்கா. குவியலுக்குக் காவல் நான். சோறு உண்டு, படுக்க டிராக்டர் டிரெய்லரின் அடி. இதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன்.

ஆடு விரட்டாத நேரமெல்லாம் படிப்புதான். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய சோழர் காலத்து நாவல். நான்கு பாகம் — ஒவ்வொன்றும் செங்கல்! எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குப் பாடப் புத்தகத்தில் சோழர்கள் இரண்டே பக்கம். இங்கே ஒரு குதிரை ஆற்றைக் கடக்கவே ஓர் அத்தியாயம்.

"கதை எங்க நிக்குது தம்பி?"

"இளவரசன் சிறையில இருக்கான்க்கா. விடிஞ்சா தலை போயிடும். கடைசிப் பாகம், பாதி வந்துட்டேன்."

"தை மாசம் வயலுக்குள்ள குதிரைய விட்டுத் தப்பிச்சான்னியே, அவனா? அறுக்காத வயல்ல குதிரைய விட்டவன்தானே... கெடக்கட்டும் உள்ளயே."

மறுநாள் மத்தியானம் வானம் இருண்டது. குவியலை மூடியிருந்த தார்ப்பாய் காற்றில் எழும்பியது. டெல்டாவில் அவசரத்துக்கு ஒரு கல் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் வண்டல்.

"அந்தப் புஸ்தகத்தக் கொண்டா!"

"இன்னும் முடிக்கலக்கா..."

"நெல்லு நனைஞ்சா நான் முடிஞ்சேன் தம்பி!"

காற்று வந்த பக்கம் நான்கு பாகங்களையும் அடுக்கி, மேலே நானும் உட்கார்ந்தேன். மழை விடும்வரை எழுந்திருக்கவில்லை. சரித்திரத்துக்குக் கனம் உண்டு என்பார்கள். உண்மைதான் — தார்ப்பாய் பறக்கவில்லை.

காலையில் சாக்கு வந்தது. நிலையத்து ஊழியர் நெல்லை அள்ளி ஈரப்பதம் பார்க்கும் மீட்டரில் போட்டார். அக்கா வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

"சரியா இருக்கும்மா. எடைக்கு அள்ளுங்க."

அக்கா தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் உப்பிப்போய்க் காய்ந்துகொண்டிருந்த நாவலை ஊழியர் விரலால் அழுத்தினார்.

"இதுல ஈரப்பதம் கூட. எடுக்க மாட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

காய்ந்த பிறகு பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பாகத்தின் பின்பாதி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டுவிட்டது, இழுத்தால் கிழிகிறது. இளவரசன் தப்பினானா? தெரியாது. இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

அக்காவின் தீர்ப்பு அப்படி!