கல்யாண ஆர்டரைக் கெடுத்த ப்ளாக்

நான்கு வருடங்களுக்கு முன், தூத்துக்குடியில் ஒரு பேக்கரியின் விளம்பரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். விளம்பரப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான்! துறைமுகத்து லாரி கம்பெனிகள்கூட ப்ளாக் எழுதி ஆர்டர் பிடிக்கின்றன, நாமும் எழுதணும் என்று முதலாளி அண்ணாச்சிக்கு ஆசை. அப்பா கப்பல் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்திருந்த நேரம். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

எங்கள் ஊரின் பேர்போன இனிப்பான மக்ரூனில் முந்திரி, சர்க்கரையோடு முட்டையின் வெள்ளைக்கருவும் சேரும். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும் என்பதாலேயே யாரும் தனியாகச் சொல்வதில்லை. எல்லாரும் முந்திரிப் பெருமைதான் பேசுவார்கள். வெளியூர்க்காரர்களோ முட்டை உண்டா, இல்லையா என்று போனில் துளைத்தெடுத்தார்கள். உண்டு என்று ப்ளாக்கில் பளிச்சென்று எழுதிப் போட்டுவிட்டேன்.

அண்ணாச்சிக்கு வந்ததே கோபம்! "ஏளா, முட்டையப் பத்தி உன்னை யாரு எழுதச் சொன்னா? சைவக்காரங்க ஆர்டர் ஒண்ணு கைவிட்டுப் போனாலும் நீ வீட்டுல இருந்துக்க வேண்டியதுதான்" என்று கத்தினார். பதிவை எடுக்கவும் சொன்னார். எனக்கு மனசே வரவில்லை. நாளைக்கு எடுக்கிறேன் என்று இழுத்தேன்.

மறுநாள் காலையிலேயே ஆழ்வார்திருநகரியிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் போட எங்களிடம் மக்ரூன் சொல்லியிருந்தவர். சுத்த சைவக் குடும்பம். ப்ளாக்கைப் படித்தேன், ஆர்டர் வேண்டாம் என்றார். அண்ணாச்சி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் என் காதிலும் விழுந்தது. அண்ணாச்சி ஒரு முறை முறைத்தார் பாருங்கள், வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அவர் போனை வைக்கப் போகும்போது அந்த அம்மா மறுபடியும் பேசினார். "அண்ணாச்சி, ஆர்டர் போச்சேன்னு அத எழுதின பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதீங்க. அது எழுதலன்னா, கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கெல்லாம் நானே முட்டையக் கொடுத்திருப்பேன். எங்க மானத்தக் காப்பாத்திருக்கு."

அண்ணாச்சி போனை வைத்தார். பிறகு, "சரி, நீ எழுதினது கெடந்துட்டுப் போகட்டும். கடை போர்டுலயும் எழுதிப் போடு" என்று முணுமுணுத்தபடி எழுந்து போனார். நான் மேசையில் கவிழ்ந்து அழுதுவிட்டேன்.

அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்தை வைத்துக்கொண்டு வேறு பலகாரம் தேடி அலைய வேண்டிய நிலைமை அவருக்கு. அந்தப் பதற்றத்திலும் எழுதியவள் கதி என்னாகுமோ என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே! நன்றி சொல்லக்கூட எனக்கு வாய்க்கவில்லை. இப்போதெல்லாம் நான் எங்காவது ஒன்றை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால், அந்தப் பக்கம் யார் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்களோ என்று யோசித்து, அவர்களுக்காக ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுத்தான் போனை வைக்கிறேன்.