கண்ணாடியாய் மின்னிய ஆறு உளிகள்

என் தம்பி பெண்டாட்டி எங்களுக்குப் புதுசு இல்லை. என் சின்ன மாமியாரின் அண்ணன் மகள்தான். பாத்திரத்துக்குப் பாலீஷ் போடும் பட்டறையில் ஒன்பது வருஷமாக நிற்பவள். துணிச் சக்கரத்தில் பாலீஷ் கட்டியைத் தேய்த்து ஒரு தட்டைக் காட்டினாள் என்றால், அதைப் பார்த்துத் தலை வாரலாம்.

தம்பி தச்சன். இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ என்ற பிழைப்பு. கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை, பெரிய மரப்பட்டறை ஒன்றில் வரச் சொன்னார்கள். மேஸ்திரி முன்னால் இரண்டு சட்டத்தை இடுக்குத் தெரியாமல் கோத்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் நிரந்தர வேலை.

புருஷனுக்கு உபகாரம் செய்கிறேன் என்று இவள், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆறு உளிகளையும் தன் பட்டறைக்குத் தூக்கிப் போய்விட்டாள். சாயங்காலம் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். நகைக்கடை தோற்றது. தம்பி ஒன்றை எடுத்துக் கட்டையில் வைத்துத் தள்ளினான். வழுக்கிக்கொண்டு போனதே தவிர, ஒரு சீவல் வரவில்லை. கூர் உருண்டு கிடந்தது. பாத்திர விளிம்பு யார் கையையும் அறுக்கக் கூடாதென்று உருட்டி உருட்டிப் பழகிய கை அல்லவா!

மறுநாள் பத்து மணிக்குச் சோதனை. நானும் அங்கேதான் இருந்தேன். தம்பி கத்துவான் என்று பார்த்தால், உளியில் மீசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"மேஸ்திரி மூஞ்சி பாத்துக்கலாம்."

"கிண்டலை அப்பறம் வச்சுக்குங்க. எவ்வளவு தேய்ச்சா போதும், அதைச் சொல்லுங்க."

அவன் உளி தீட்டும் எண்ணெய்க்கல்லில் ஆறையும் தேய்த்து, கூரின் சரிவைத் தட்டையாக்கினான். நுனியில் மெல்லிய பிசிறு நின்றது. அதை மட்டும் எடுத்தால் போதும் என்று தொட்டுக் காட்டினான். விடிந்ததும் இருவரும் அவள் பட்டறைக்குப் போனார்கள். பச்சைப் பாலீஷ் கட்டி பூசிய சக்கரத்தில், அது சுற்றும் பக்கமே கூர் பார்த்திருக்க, லேசாகத் தொட்டாள். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டாள். பக்கத்தில் நின்று எண்ணியது அவன்தானாம்.

சோதனையில் சட்டங்கள் கச்சிதமாகப் பொருந்தின. மேஸ்திரி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்துவிடு என்றார்.

வீட்டுக்கு வந்து சொல்ல அவனுக்குப் பொறுமை ஏது? நேராக அவளிடமே ஓடினான். சக்கரச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று தரம் கத்தியதில் பாலீஷ் பட்டறை முழுக்கத் தெரிந்துபோயிற்று. பெண்டாட்டிக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.